தீபாவளி பிஸ்கட்டில் நான் இழந்த 461 வெள்ளி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு பழைய தகரக் கூரை வீட்டில்தான் நானும் என் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறோம். கணவருக்கு ஜோகூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். 2024 நடுவில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் ஆள்குறைப்பு வந்தது. கையில் கொடுத்த பணம் மூன்றே மாதத்தில் கரைந்துவிட்டது. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31. முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி எல்லாம் போட எங்கள் பக்கம் கைதேர்ந்த அக்காமார் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களோடு நான் போட்டி போட முடியாது. பிஸ்கட் செய்து போத்தலில் அடைத்துக் கொடுக்கிறவர்கள்தான் கம்மி. சரி, இதைச் செய்வோம் என்று முடிவெடுத்தேன். யாரோ பயன்படுத்திய 30 லிட்டர் மேசை ஓவன் ஒன்றை 220 வெள்ளிக்கு (ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்போம்) வாங்கினேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் வாட்சப்பில் செய்தி அனுப்பினேன். ஒரு போத்தல் 25 வெள்ளி, முன்பணம் 10 வெள்ளி என்று போட்டதும் ஒரே வாரத்தில் 38 போத்தலுக்கு ஆர்டர் வந்துவிட்டது. 380 வெள்ளி கையில். அதுவரை அந்த ஓவனில் நான் ஒரு தட்டு பிஸ்கட்கூடச் சுட்டுப் பார்த்திருக்கவில்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் எடுப்பதற்கு முன் உங்கள் ஓவனில், உங்கள் வீட்டு மாவில், உங்கள் ஊர் வெயிலில் குறைந்தது மூன்று தடவை செய்து பாருங்கள். முன்பணம் வாங்கியபிறகு கற்றுக்கொள்வது பெரிய வேதனை. ஒவ்வொரு தட்டு வீணாகும்போதும், அது நம் பணமல்ல, அடுத்தவர் நம்பிக் கொடுத்த பணம் என்ற நினைப்பே நெஞ்சை அடைக்கும். அந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் தட்டு சாக்லேட் சிப் பிஸ்கட். செய்முறையில் பட்டர் அறை வெப்பத்தில் இருக்கட்டும் என்று எழுதியிருந்தது. காலை பத்து மணிக்கே எடுத்து வெளியே வைத்துவிட்டேன். மதியம் இரண்டு மணிக்குக் கலக்கினேன். மாவு பளபளவென்று, கையில் எண்ணெய் ஒட்டுகிற மாதிரி இருந்தது. எட்டு உருண்டை வைத்து ஓவனுக்குள் தள்ளிவிட்டு, கைப்பேசி விளக்கைக் கண்ணாடியில் அடித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது நிமிடத்திலேயே உருண்டைகள் உட்கார ஆரம்பித்தன. ஆறாவது நிமிடத்தில் பக்கத்துப் பக்கத்து உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டன. பத்தாவது நிமிடத்தில் தட்டு முழுக்க ஒரே தோசை. சாக்லேட் துண்டுகள் மட்டும் மேடு மேடாகத் தெரிந்தன. விளிம்பு கறுத்து, நடுவில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. சின்னவள் வந்து எட்டிப் பார்த்து, "அம்மா, இது கேக்கா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதே தப்பை நான்கு தடவை செய்தேன். மாவைக் கூட்டினேன், சீனியைக் குறைத்தேன், முட்டையை மாற்றினேன். பட்டரை மட்டும் சந்தேகப்படவில்லை. ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கும் கருவி வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். சுவரில் மாட்டும் ஒரு சின்ன வெப்பமானியும் அங்கே விற்றது, எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி அடுப்படியில் மாட்டினேன். மதியம் 33 டிகிரி காட்டியது. அப்போதுதான் புரிந்தது. பட்டர் உருகத் தொடங்குவதே 32, 35 டிகிரிக்குள். சீனியோடு சேர்த்து அடிக்க அது 18, 20 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர் நாட்டில் எழுதிய செய்முறையில் அறை வெப்பம் என்றால் அந்த 20 டிகிரிதான். என் அறையில் அது பட்டர் இல்லை, பாதி எண்ணெய். எண்ணெயாகிவிட்ட பட்டரை மறுபடி குளிர்பெட்டியில் வைத்து இறுக வைத்தாலும் அடிக்கும்போது காற்றைப் பிடித்துக்கொள்ளாது, பிஸ்கட்டும் நிற்காது.

அதனால் நம் ஊரில் இப்படிச் செய்யுங்கள். பட்டரைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் பதினைந்து நிமிடம் வையுங்கள், போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக்கூடாது, பட்டர் மினுமினுக்கவும் கூடாது. சீனியோடு இரண்டு நிமிடத்துக்கு மேல் அடிக்காதீர்கள். இயந்திரத்தின் உராய்வே அதைச் சூடாக்கும், அதோடு காற்று அதிகம் ஏறினால் ஓவனில் உப்பி அப்புறம் பொத்தென்று உட்கார்ந்து பரவும். கலந்து முடித்த மாவை ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு உருட்டுங்கள். உருட்டியபிறகு கை சூட்டில் மறுபடி தளர்ந்துவிட்டால் தட்டோடு இன்னொரு பத்து நிமிடம் உள்ளே வையுங்கள்.

இன்னொன்று, இரண்டாவது சுற்றுக்கு அதே சூடான தட்டை எடுக்காதீர்கள். நான் நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அப்படித்தான் செய்தேன். ஓவனுக்குள் போகும் முன்பே அடிப்பக்கம் உருகி வழிந்தது. இரண்டு தட்டு வைத்துக்கொண்டு, வெளியே எடுத்ததைக் கொஞ்சம் ஆறவிட்டு, அப்புறம் குழாயடியில் காட்டித் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். தீபாவளிக்கு நெய் பிஸ்கட் சுட்டால் விடியற்காலை நாலு மணிக்குத்தான் ஆரம்பிப்பார், அதுவும் லீவு நாளில். தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் கற்களை வைத்து, கீழே நெருப்பு, மேலே தகரத்தைப் போட்டு அதன்மேல் தேங்காய் மட்டைக் கங்கு. வெட்டுக்குப் போய்ப் பழகிய உடம்பு, தூக்கம் வராமல் எழுந்துவிடுகிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அந்த நேரத்தில் நெய் இறுகி மணல் மணலாக இருக்கும், வெயில் ஏறினால் தண்ணீராகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்க இப்போது அம்மா இல்லை. நானும் இப்போதெல்லாம் நாலரைக்கே மாவு பிசைந்துவிடுகிறேன்.

பட்டர் சரியானதும் பிஸ்கட் சரியாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. ஒரே தட்டில் பின்வரிசை கருகும், முன்வரிசை வெளுத்துக் கிடக்கும். ஈப்போவில் பேக்கரி சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்கார சீன ஆண்டியிடம் மலாயில் என் கஷ்டத்தைச் சொன்னதும், அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "உன் ஓவன் உண்மையில் எத்தனை டிகிரி என்று உனக்குத் தெரியுமா?" குமிழை 180இல் வைக்கிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, ஓவனுக்குள்ளேயே தொங்கவிடும் ஒரு தெர்மாமீட்டரை எடுத்துக் கொடுத்தார். 18 வெள்ளி. இந்த முழுக் கதையிலும் நான் செய்த நல்ல செலவு அதுதான். என் ஓவனில் விளக்கு அணைந்து சூடாகிவிட்டது என்று காட்டும்போது உள்ளே 150தான் இருந்தது. இருபது நிமிடம் கழித்துப் பின்பக்கம் 205. சூடு குறைவாக இருக்கும்போது மாவை உள்ளே வைத்தால், விளிம்பு இறுகுவதற்கு முன்பே பட்டர் உருகி ஓடிவிடும். ஆக, என் பிஸ்கட் பரவியதற்கு ஓவனும் ஒரு காரணம்.

மேசை ஓவன் வைத்திருப்பவர்கள் விளக்கை நம்பாமல் இருபது நிமிடம் முன்சூடு செய்யுங்கள். தட்டு நடு அடுக்கில் இருக்கட்டும், கம்பி சிவக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள். அடி மட்டும் கருகினால் தட்டு மெல்லியது அல்லது கறுப்பு நிறம் என்று அர்த்தம், இரண்டு தட்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து பேக்கிங் பேப்பர் போட்டால் சரியாகும். உள்ளே காற்றாடி சுற்றும் ஓவன் என்றால் செய்முறையில் சொன்னதைவிட 20 டிகிரி குறைத்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் ஒரே ஒரு உருண்டையைச் சுட்டுப் பாருங்கள். பரவினால் மீதி மாவை இன்னும் அரை மணி நேரம் குளிரவிட்டு இன்னொன்று சுடுங்கள், அப்போதும் பரவினால்தான் ஒரு மேசைக்கரண்டி மாவு சேர்க்க வேண்டும். உருண்டை உருண்டையாகவே நின்றால் மாவு கூடிவிட்டது, மீதியைக் கையால் தட்டையாக அமுக்கிச் சுடலாம். ஒரு உருண்டை போனால் போகட்டும். ஒரு கிலோ மாவு போனால்தான் வயிறு எரியும்.

எடுக்கும் நேரம் பற்றியும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. தொட்டுப் பார்த்து நடு மெத்தென்று இருக்கிறதே என்று இன்னும் ஐந்து நிமிடம் விட்டேன். ஆறியதும் கல். விளிம்பு இறுகி லேசாக நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள், தட்டிலேயே ஐந்து நிமிடம் இருந்தால் அந்தச் சூட்டிலேயே நடுவும் வெந்துவிடும்.

அளவு விஷயத்தில் நான் பட்டது தனி. கப் கணக்கில் எழுதியதை வீட்டுக் கோப்பையில் அள்ளிப் போட்டேன். கோதுமை மாவைப் பையிலிருந்து அப்படியே அமுக்கி அள்ளினால் ஒரு கப் 150 கிராம்கூட வரும். கரண்டியால் தளர்வாகப் போட்டு மேலே வழித்தால் அதே கப் 120 கிராம்தான். மூன்று கப் என்றால் 90 கிராம் வித்தியாசம், பிஸ்கட் வறண்டு வெடித்துப் போக அது போதும். அமெரிக்கச் செய்முறையில் இரண்டு ஸ்டிக் பட்டர் என்றால் 226 கிராம். நான் இங்கே கிடைக்கும் 250 கிராம் கட்டியை முழுசாகப் போட்டிருக்கிறேன். அவர்கள் 350 என்று எழுதுவது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 177. ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி எல்லாவற்றையும் கிராமில் எழுதி வைத்துக்கொண்டபிறகுதான் இன்று வந்த மாதிரி நாளையும் வந்தது. சோடா மாவையும் பேக்கிங் பவுடரையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாதீர்கள். சோடா மாவு ஏறக்குறைய மூன்று மடங்கு வலுவானது, கூடினால் பிஸ்கட் சீக்கிரம் சிவந்து சவர்க்கார வாடை அடிக்கும். நம் ஊர் ஈரத்தில் திறந்த பேக்கிங் பவுடர் டப்பா சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். கொஞ்சம் சுடுதண்ணீரில் ஒரு கரண்டி போட்டுப் பாருங்கள், பொங்கி நுரைக்கவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இப்படியாக செப்டம்பர் முழுக்கப் பரிசோதனையிலேயே போனது. பட்டர், முட்டை, சாக்லேட் என்று கணக்குப் பார்த்தால் 150 வெள்ளி.

அக்டோபர் முதல் வாரம் நெய் பிஸ்கட்டில் இறங்கினேன். இதில் தண்ணீரே கிடையாது, நெய்யும் மாவும் ஐசிங் சீனியும்தான். 250 கிராம் நெய்க்கு 150 கிராம் ஐசிங் சீனி, வறுத்த மாவு சுமார் 400 கிராம். மாவை வெறும் சட்டியில் சின்னத் தீயில் வறுத்து, முழுசாக ஆறவிட்டு, சலித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். கை பொறுக்கும் சூடுதானே என்று சேர்த்தால் நெய் உருகிவிடும், எவ்வளவு மாவு போட்டாலும் குடித்துக்கொண்டே இருக்கும், கடைசியில் பிஸ்கட் தொண்டையை அடைக்கும். கையில் பிடித்தால் உருண்டை நிற்கிறது, அழுத்தினால் உதிர்கிறது என்ற பதத்தில் நிறுத்த வேண்டும். 150, 160 டிகிரியில் பதினைந்திலிருந்து இருபது நிமிடம், வெள்ளையாகவே எடுக்க வேண்டும். சூடாக இருக்கும்போது தொட்டால் பொடியாகிவிடும், பத்து நிமிடம் கை வைக்காதீர்கள். சாதாரணச் சீனி போட்டுப் பார்க்கலாமே என்று நினைக்காதீர்கள், பெரிய மணி கரையாமல் நின்று பிஸ்கட் பரவி விரிசல் விடும்.

அன்றைக்கு 12 போத்தல் செய்தேன். கடித்தால் வாயில் கரைந்தது. இத்தனை நாள் கஷ்டத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! ராத்திரி பத்து மணி, நல்ல மழை. தட்டுகளைச் சன்னலோரம் பரப்பி, நன்றாக ஆறட்டும் என்று படுத்துவிட்டேன். கடைசித் தட்டு மட்டும் தூக்கக் கலக்கத்தில் இளஞ்சூட்டோடு போத்தலில் போட்டு மூடினேன். மறுநாள் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும் ஒரு பாட்டி, பேரன் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். கையில் போத்தல். "அம்மாடி, குறை சொல்றேன்னு நினைக்காதே. ருசி நல்லாதான் இருக்கு. ஆனா நமத்துப் போய் பல்லுல ஒட்டுது" என்றார். திறந்து ஒன்றை எடுத்தேன். விரலுக்கிடையில் சத்தமே இல்லாமல் நசுங்கியது. அவர் பணம் கேட்கவில்லை, நான்தான் 25 வெள்ளியையும் திருப்பிக் கொடுத்தேன். மற்றவர்களுக்கும் போன் செய்து கேட்டேன். ஒன்பது போத்தல் அதே கதி, 225 வெள்ளி. வாங்கி வந்த பிஸ்கட்டையெல்லாம் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டேன்.

அடுத்த வாரம் ஆண்டி கடையில் இதைச் சொன்னபோது அவர் பதறிப்போனார். "ஏன் போட்டாய்? 150 டிகிரியில் ஆறு நிமிடம் வைத்திருந்தால் பழையபடி ஆகியிருக்குமே!" என்றார். அப்படியே நின்றுவிட்டேன். இப்போதும் நினைத்தால் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். நமத்துப்போன பிஸ்கட்டைத் தூக்கிப் போடாதீர்கள்! பூஞ்சையோ கெட்ட வாடையோ இல்லை என்றால், காற்றிலிருந்து ஈரம் குடித்திருக்கிறது, அவ்வளவுதான். 150 டிகிரியில் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் வைத்து ஈரத்தை வெளியேற்றி, முழுசாக ஆறியதும் அடைத்தால் மறுபடி மொறுமொறுப்பாகிவிடும். கோழிக்குப் போனதில் பாதிக்கு மேல் காப்பாற்றியிருக்கலாம்.

நான் செய்த தப்பு இரண்டு. சூட்டோடு மூடியதில் உள்ளேயே ஆவி வியர்த்து ஈரமானது. மழை ராத்திரியில் விடிய விடியத் திறந்து வைத்ததில் மற்றவை வெளி ஈரத்தைக் குடித்தன. ஆறவிட வேண்டும், ஆனால் ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கம்பித் தட்டில் வைத்தால் அடியும் ஆறும். பிஸ்கட்டின் அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், துளி சூடும் தெரியக்கூடாது. போத்தலைக் கழுவினால் வெயிலில் காயவைத்து, ஓரத்தில் தண்ணீர் இல்லையா என்று விரலை விட்டுப் பாருங்கள். உணவுக்கென்றே விற்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றை அடியில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். வீட்டுக்கென்று தனியாக ஒரு போத்தல் வைத்துக்கொண்டு ஐந்தாம் நாள் திறந்து பாருங்கள், வாடிக்கையாளருக்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கச்சான் (நிலக்கடலை) பிஸ்கட்டில் 54 வெள்ளி போனது. வறுத்த கச்சானைச் சூட்டோடு அரைத்தேன், எண்ணெய் பிரிந்து களியாகிவிட்டது. ஆறியபிறகு, செய்முறை மாவிலிருந்தே ஒரு பிடி சேர்த்து, விட்டு விட்டு அரைத்தால் பொடியாக வரும். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிப்பது எல்லாவற்றையும் அரைக்கும் முன்பே பொறுக்கிவிடுங்கள். பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது, பிள்ளைகள் சாப்பிடுகிற பொருள்.

கடைசி 32 வெள்ளி, தீபாவளிக்கு நாலு நாள் முன்னால். மதியம் மூன்று மணிக்கு இடி மின்னல், கரண்டு டிரிப் ஆகிவிட்டது. இரண்டு தட்டு பாதி வெந்த நிலையில் ஓவனுக்குள். கரண்டு வந்து மறுபடி சூடாக்கியபோது பாதி கல்லாகவும் பாதி பச்சையாகவும் இருந்தன. அக்டோபரில் எங்கள் பக்கம் சாயங்காலமானால் மழைதான். ஓவன் வேலையை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள், கடைசி மூன்று நாளுக்கு ஆர்டர் வைக்காதீர்கள். 150, 225, 54, 32, மொத்தம் 461 வெள்ளி. பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வைத்திருந்த பணத்தையும் அந்த வருஷம் சாமானுக்குப் போட்டுவிட்டேன். பெரியவன் போன வருஷச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தான், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2025இல் தீபாவளி அக்டோபர் 20. மூன்று வகை மட்டும், 30 போத்தல் மட்டும் என்று எடுத்தேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை, இரண்டு பேருக்கும் புதுத்துணி எடுத்தேன். அந்தப் பாட்டியிடம் ஆர்டர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நெய் பிஸ்கட் ஒரு போத்தலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலேயே டேப்பைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கடித்தார். பேரனைக் கூப்பிட்டு அவன் கையில் ஒன்று, எனக்கும் ஒன்று கொடுத்தார். மூடி திறந்தே இருக்கிறதே, வானம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறதே என்று எனக்குப் பதற்றம். போத்தலை வாங்கி மறுபடி டேப்பைச் சுற்றி ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.